தலைமைத்துவம், நிறுவன உத்தி பற்றிய பிஎச்.டி. ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலாண்மைத் துறையில் பிஎச்.டி. பதிவு செய்திருப்பவர்கள், குறிப்பாகக் கேள்வித்தாளை நம்பி இறங்குபவர்கள், முதல் இரண்டு ஆண்டுகளில் கேட்கும் கேள்விகள் இவை. தரவு திரட்டி முடித்த பிறகு எந்த மென்பொருளாலும் திருத்த முடியாத தவறுகளுக்கே இங்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

"கோவை மாவட்டத் தொழிற்சாலைகளில் தலைமைத்துவப் பாணி பணியாளர் செயல்திறன் மீது ஏற்படுத்தும் தாக்கம்: ஓர் ஆய்வு." இந்தத் தலைப்பு போதுமா?

பதிவுக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. 'தாக்கம்' என்றால் ஒன்று இன்னொன்றை உண்டாக்கியது என்று பொருள். ஒரே நாளில் ஒரே ஆள் நிரப்பிக் கொடுத்த தாளிலிருந்து அதைச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைத்தான் சொல்லலாம். 'செயல்திறன்' யார் அளந்தது? பணியாளர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணா, மேற்பார்வையாளர் போட்டதா, உற்பத்திப் பதிவேட்டில் இருப்பதா? மூன்றும் மூன்று வேறு பொருள்கள். 'தொழிற்சாலைகள்' என்ற ஒரே சொல்லுக்குள் பம்ப்செட் வார்ப்பட ஆலையையும் நூற்பாலையையும் அடைக்க முடியாது.

கோவை எதற்கு என்பதற்கும் பதில் வேண்டும். இதே ஆய்வு ஈரோட்டில் நடக்கவில்லை என்பது ஆய்வு இடைவெளி ஆகாது. கோவையில் இருக்கும் ஏதோ ஒரு நிலைமை முடிவை மாற்றும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருந்தால்தான் அது இடைவெளி.

இப்படிச் சுருக்கிப் பாருங்கள்: நூற்பாலைகளில் ஷிப்ட் மேற்பார்வையாளர் அடிக்கடி மாறும் இடத்தில், அவர் மீதான நம்பிக்கைக்கும் சொல்லாமல் விடுப்பு எடுப்பதற்கும் உள்ள தொடர்பு குறைகிறதா? 'இல்லை' என்ற பதிலும் வரக்கூடிய கேள்வி இது. விடுப்புக் கணக்கு வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

'குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்' என்று தலைப்பில் போட்டால் எந்த வரையறை என்பதையும் எழுதுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்தின் உச்சவரம்பு முதலீட்டில் 25 கோடி, விற்றுமுதலில் 100 கோடி ரூபாய். அதற்கு முன் 10 கோடி, 50 கோடி. பழைய வரையறையில் நடுத்தரமாக இருந்த நிறுவனம் இப்போது சிறு நிறுவனமாக இருக்கலாம்.

மாதிரி அளவு 384 இருந்தால் போதும் என்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது?

1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384.16. அவ்வளவுதான். 1970-இல் கிரெஜ்சி, மார்கன் இருவரும் வெளியிட்ட அட்டவணையில் பத்து லட்சம் பேர் கொண்ட கூட்டத்துக்கு வரும் எண்ணும் இதுவே. ஒரு கூட்டத்தில் எத்தனை சதவீதம் பேர் 'ஆம்' என்பார்கள் என்பதை, குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்து, 5% பிழைக்குள் மதிப்பிடுவதற்கான கணக்கு அது. உங்கள் ஆய்வில் குலுக்கலும் இல்லை, சதவீத மதிப்பீடும் இல்லை. கிடைத்தவரைப் பிடித்து நிரப்பிய 384 தாள்களுக்கு அந்த 5% பொருந்தாது.

மாறிகளுக்கு இடையிலான தொடர்பைச் சோதிக்கிறீர்கள் என்றால் 'ஜி பவர்' என்ற இலவச மென்பொருளில் கணக்கிடுங்கள். ஐந்து சாரா மாறிகள், நடுத்தர விளைவு அளவு 0.15, பிழை வாய்ப்பு 0.05, ஆற்றல் (உண்மையில் இருக்கும் தொடர்பைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.80 என்று கொடுத்தால் 92 பேர் போதும் என்று வரும். விளைவு சிறியது என்று எதிர்பார்த்தால் எண் பல மடங்கு ஏறும்.

தலைமைத்துவ ஆய்வில் இன்னொரு குழி இருக்கிறது. 300 பணியாளர்களிடம் வாங்குகிறீர்கள். அவர்கள் 20 மேற்பார்வையாளர்களின் கீழ், ஆளுக்கு 15 பேராக இருக்கிறார்கள். ஒரே மேற்பார்வையாளரின் கீழ் இருப்பவர்களின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையின் அளவு 0.15 என்றால், 1 + 14 × 0.15 = 3.1. முந்நூறை 3.1-ஆல் வகுத்தால் 97. சராசரியை மதிப்பிடும்போது உங்கள் கையில் இருப்பது 97 பேரின் மதிப்புள்ள தகவல்தான். தலைமைத்துவத்தைப் பற்றிப் பேசும் இடத்திலோ எண்ணிக்கை 20-ஐ ஒட்டித்தான். ஒவ்வொரு மேற்பார்வையாளரின் கீழும் பெரும் கூட்டத்தைப் பிடிப்பதைவிட, 60 மேற்பார்வையாளர்களிடமிருந்து ஆளுக்கு ஐந்து பேரை எடுப்பது மேல். எந்தத் தாள் எந்த மேற்பார்வையாளருக்குக் கீழ் வந்தது என்ற குறியீட்டைத் தாளிலேயே போட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கேள்வித்தாளை நானே தயாரிக்கலாமா?

தயாரிக்கலாம், ஆனால் அதுவே ஒரு தனி ஆய்வு. கூற்றுகளை எழுதி, நிபுணர்களிடம் காட்டி, ஒரு கூட்டத்தில் காரணி ஆய்வு (எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பது), வேறொரு கூட்டத்தில் உறுதிப்படுத்தும் காரணி ஆய்வு என்று ஓராண்டு போய்விடும். ஏற்கெனவே சோதிக்கப்பட்ட அளவுகோல் இருக்கும்போது அதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

எடுக்கும்போது உரிமத்தைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர்மேஷனல் லீடர்ஷிப்பை, அதாவது பணியாளரை ஊக்குவித்து மாற்றும் தலைமைத்துவத்தை, அளக்கப் பலரும் பயன்படுத்தும் எம்எல்க்யூ கேள்வித்தாள் 45 கூற்றுகள் கொண்டது. மைண்ட் கார்டன் நிறுவனத்திடம் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டும். இணையத்தில் கிடைத்த பிரதியை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முழுதாகப் போட்டு, அது ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறினால் உரிமை மீறலுக்கு நீங்களே சாட்சி. பணி ஈடுபாட்டை அளக்கும் யுடபிள்யூஇஎஸ் 17, 9, 3 கூற்றுகள் கொண்ட வடிவங்களில் இருக்கிறது. வணிக நோக்கமற்ற கல்வி ஆய்வுக்கு இலவசம்.

எம்எல்க்யூவின் 45-இல் 36 மட்டுமே தலைமைத்துவப் பாணி பற்றியவை. மீதி 9 விளைவுகளைப் பற்றியவை: கூடுதல் முயற்சி, தலைவரின் திறன், அவர் மீதான திருப்தி. இந்த 36-ஐச் சாரா மாறியாகவும் 9-ஐச் சார்பு மாறியாகவும் வைத்து, "வலுவான தொடர்பு கண்டறியப்பட்டது" என்று முடிக்கும் ஆய்வேடுகள் நிறைய. மேலாளரைப் பிடித்தவர் இரண்டு இடத்திலும் நல்லதாகவே போடுவார். அதில் கண்டறிய என்ன இருக்கிறது?

தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். எப்படிச் செய்வது?

ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டு ஆங்கில வடிவங்களையும் ஒப்பிடுவது 1970 முதல் பிரிஸ்லின் பெயரில் வழங்கும் முறை. இது தேவை, ஆனால் இது மட்டும் போதாது. நன்கு படித்த இருவருக்குள் மொழிபெயர்ப்பு அழகாகப் போய்த் திரும்பிவிடும். தாளை நிரப்பப்போகும் தையல் தொழிலாளிக்குப் புரியுமா என்பது வேறு விஷயம்.

ஆகவே எட்டிலிருந்து பத்துப் பேரிடம் ஒவ்வொரு கூற்றையும் படித்துக் காட்டி, "இதுக்கு என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். அங்கேதான் ஓட்டைகள் தெரியும். 'மேற்பார்வையாளர்' என்று அச்சிட்டிருப்பீர்கள். தொழிலாளி லைன் சூப்பர்வைசரை நினைத்துக்கொள்வார், நீங்கள் நினைத்ததோ புரொடக்ஷன் மேனேஜரை. தாளின் தலைப்பிலேயே "இங்கே கேட்கப்படுவது உங்கள் லைன் சூப்பர்வைசரைப் பற்றி மட்டும்" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

எதிர்மறைக் கூற்றுகள் தமிழில் அதிகம் சறுக்கும். "என் மேலாளர் என் கருத்தைக் கேட்பதில்லை" என்ற கூற்றுக்கு 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று குறித்தால், கேட்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவில்லை, அதாவது கேட்கிறார். எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருபவரிடம் இந்தக் கணக்கைக் கேட்காதீர்கள். தரமான அளவுகோலில் எதிர்மறைக் கூற்றை நீக்குவதும் தவறு. அதன் சொல்லமைப்பை எளிமையாக்கி, முன்சோதனையில் தனியாகக் கவனியுங்கள். அந்தக் கூற்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றால் பெரும்பாலும் மொழியே காரணம்.

திருப்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு: ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் கணிசமாக இருக்கும் யூனிட்டில் தமிழ்த் தாளை மட்டும் கொடுத்தால், ஆய்வு உள்ளூர்த் தொழிலாளர்களைப் பற்றியதாக மாறிவிடும். இந்தி, ஒடியா வடிவங்களும் தயாரியுங்கள், அல்லது ஆய்வின் வரம்பைத் தலைப்பிலேயே குறுக்குங்கள்.

ஹார்மன் சோதனையில் முதல் காரணி 50 சதவீதத்துக்குக் கீழ் வந்துவிட்டது. ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கேட்டதால் வரும் பிழை இல்லை என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. எல்லாக் கூற்றுகளையும் ஒன்றாகப் போட்டுக் காரணி ஆய்வு செய்து, பதில்களின் வேறுபாட்டில் எவ்வளவை முதல் காரணி மட்டுமே விளக்குகிறது என்று பார்ப்பதுதான் ஹார்மன் சோதனை. இந்தப் பிழையைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையில் போட்சகாஃப் குழுவினரே அந்தச் சோதனை போதாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆய்வேடுகளில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியே அதே சோதனையைச் செய்வது விந்தைதான்.

பிழையை வடிவமைப்பில்தான் தடுக்க முடியும். மலிவான வழியிலிருந்து சொன்னால்: தலைமைத்துவத்தைப் பணியாளரிடம் கேளுங்கள், செயல்திறனை மேற்பார்வையாளரிடமோ பதிவேட்டிலோ எடுங்கள். அது முடியாவிட்டால் ஒரே ஆளிடம் இரண்டு தவணைகளில், மூன்று நான்கு வார இடைவெளியில் கேளுங்கள். பெயர் எழுதச் சொன்னால் உண்மை வராது. எனவே இரண்டு தாள்களையும் இணைக்க அவரே உருவாக்கும் குறியீடு போதும்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, செல்பேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். இரண்டாம் தவணையில் கணிசமானவர்கள் வரமாட்டார்கள். முடிவில் 200 வேண்டுமென்றால் முதலில் 300-க்கு மேல் எடுத்து வையுங்கள். முதல் தவணையோடு நின்றவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் வயது, அனுபவம், முதல் மதிப்பெண் ஆகியவற்றில் வேறுபாடு உண்டா என்று ஒரு அட்டவணையும் போடுங்கள்.

ஆல்பா 0.95 வந்திருக்கிறது. நல்லதுதானே?

சந்தேகப்படுங்கள். ஓர் அளவுகோலின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண் ஆல்பா. கூற்றுகளின் எண்ணிக்கை கூடினாலே அது ஏறும். கூற்றுகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.3 என்று வைத்துக்கொள்வோம்: 5 கூற்றுகளுக்கு ஆல்பா 0.68, 10-க்கு 0.81, 20-க்கு 0.90. அளவுகோல் அப்படியேதான் இருக்கிறது, தாள்தான் நீண்டது. 0.95 என்றால் ஒன்று, ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அல்லது பலர் எல்லாவற்றுக்கும் 4, 4, 4 என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் இரண்டாவதைப் பாருங்கள்: ஒவ்வொருவரின் பதில்களுக்கும் திட்டவிலக்கம் கணக்கிட்டு, பூஜ்யம் வந்தவர்களைத் தனியே எடுங்கள்.

கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

அது பதிலை அனுப்பிய நேரத்தை மட்டும் பதிவு செய்யும், தொடங்கிய நேரத்தை அல்ல. ஆகவே அவசரத்தில் தட்டியவரைப் பிரிக்க வழியில்லை. கூற்று ஒன்றுக்கு இரண்டு விநாடிக்கும் குறைவாக எடுத்தவர் படிக்கவில்லை என்று கொள்வது வழக்கம். 60 கூற்றுகளுக்கு 120 விநாடி. கோபோ டூல்பாக்ஸ் போன்ற கருவியில் தொடக்கம், முடிவு இரண்டும் பதிவாகும், இணையம் இல்லாத ஷெட்டுக்குள்ளும் வேலை செய்யும். நடுவில் "இந்த வரியில் 2 என்று குறிக்கவும்" என்பதுபோல் ஒரு கவனச் சோதனை வையுங்கள்.

எச்.ஆர். மேலாளர் ஃபார்மை நிறுவனக் குழுவில் பகிர்ந்து, "இன்றே நிரப்பவும்" என்று எழுதினால் எண்ணிக்கை ஒரே நாளில் வந்துவிடும். மேலாளரைக் குறை சொல்லும் பதில் ஒன்றுகூட வராது.

நிறுவனத்துக்குள் அனுமதி எப்படி வாங்குவது?

துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், இரண்டு பக்கச் சுருக்கம், கேள்வித்தாள் பிரதி. சுருக்கத்தில் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம், எந்த ஷிப்ட், நிறுவனத்தின் பெயர் வெளியே வராது என்ற உறுதி ஆகியவை வேண்டும். உற்பத்தியை நிறுத்த வேண்டியிருக்குமோ என்பதுதான் அவர்களுடைய முதல் பயம்; தலைமைத்துவக் கோட்பாட்டை விளக்கி நேரத்தைப் போக்காதீர்கள். ஆர்டர்களை முடித்துக் கொடுக்கும் நெருக்கடி உள்ள மாதங்களையும் தீபாவளி போனஸ் பேச்சு நடக்கும் வாரங்களையும் தவிர்க்கவும். போனஸ் நேரத்தில் எடுத்த 'பணித் திருப்தி' போனஸைத்தான் அளக்கும்.

எஸ்பிஎஸ்எஸ், ஏமாஸ், ஸ்மார்ட் பிஎல்எஸ். எந்தப் புள்ளியியல் மென்பொருளை எடுப்பது?

கருவி இரண்டாம்பட்சம். ஜமோவி, ஜாஸ்ப், ஆர் மூன்றும் இலவசம், போதுமானவை. "மாதிரி சிறியது, அதனால் பிஎல்எஸ் (ஸ்மார்ட் பிஎல்எஸ் பயன்படுத்தும் பகுப்பாய்வு முறை)" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் காரணத்தை இப்போது தேர்வாளர்கள் ஏற்பதில்லை.

கருதுகோள் நிரூபணமாகவில்லை. என்ன செய்வது?

அப்படியே எழுதுங்கள். வயது, பாலினம், அனுபவம் என்று கட்டுப்பாட்டு மாறிகளைச் சேர்த்தும் நீக்கியும் பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வரும்வரை ஓட்டுவதும், வந்த முடிவுக்கு ஏற்பக் கருதுகோளைத் திருப்பி எழுதுவதும் ஆய்வு நேர்மைக் குறைவு. தரவு திரட்டும் முன்பே கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் ஆய்வுத் திட்டங்களைப் பொதுவில் பதிவு செய்ய உதவும் ஓஎஸ்எஃப் தளத்தில் தேதியோடு பதிவு செய்துவிட்டால், தொடர்பு இல்லை என்ற முடிவுக்கும் மதிப்பு கிடைக்கும்.

எனக்குத் தலைமைத்துவம் வேண்டாம், நிறுவன உத்திதான் ஆர்வம். கேள்வித்தாளே இல்லாமல் முடியுமா?

தாராளமாக. இந்திய நிறுவனங்களின் நிதிக் கணக்குகளைத் திரட்டித் தரும், சிஎம்ஐஇ நிறுவனத்தின் புரோவெஸ் தரவுத்தளம் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஆனால் ஆயத்தத் தரவு என்பதால் குழிகள் இல்லாமல் இல்லை.

இன்றைய நிஃப்டி 500 பட்டியலை எடுத்து 15 ஆண்டு பின்னோக்கிப் போனால், பிழைத்தவர்களை மட்டுமே பார்க்கிறீர்கள். கடன் வாங்கி வேகமாக விரிவாக்கி மூழ்கியவை பட்டியலில் இல்லை. 'துணிச்சலான விரிவாக்கம் பலன் தரும்' என்று தரவு பொய் சொல்லும். ஒவ்வொரு ஆண்டும் பட்டியலில் இருந்தவற்றை அந்தந்த ஆண்டுக்கு எடுக்க வேண்டும்.

அடுத்து கணக்கியல். 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள நிறுவனங்கள் 2016 ஏப்ரல் முதல் இண்ட் ஏஎஸ் என்ற புதிய கணக்கியல் முறைக்கு மாறின, பட்டியலிட்ட மற்றவை 2017 ஏப்ரல் முதல். அந்த ஆண்டில் சொத்து மீதான வருவாய் குதித்தால் அது உத்தியின் வெற்றி ஆகாது. 2013 நிறுவனச் சட்டத்துக்கு முன் எல்லா நிறுவனங்களுக்கும் ஆண்டு மார்ச் 31-இல் முடியவில்லை. 15 மாதக் கணக்குகள்கூடக் கிடைக்கும், அவற்றை 12 மாதத்துக்குச் சரிக்கட்ட வேண்டும். வங்கிகளைத் தனியே வையுங்கள். தனிக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்பதை முதல் நாளே முடிவு செய்து, நடுவில் மாற்றாதீர்கள்.

பெரிய சிக்கல் காரண காரியம். ஆராய்ச்சிக்கு அதிகம் செலவிடும் நிறுவனம் லாபம் ஈட்டுகிறதா, லாபம் ஈட்டுவதால் செலவிடுகிறதா? சட்டம் தானாக ஒரு கோடு போட்டிருக்கும் இடங்களைத் தேடுங்கள். நிறுவனச் சட்டம் 135-ஆம் பிரிவு நல்ல எடுத்துக்காட்டு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2% சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டும். கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவையும் கீழே இருப்பவையும் மற்றபடி ஒரே மாதிரிதான். இதை வைத்து மஞ்சிராஜு, ராஜகோபால் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டாயத்துக்குள் வந்த நிறுவனங்களின் பங்கு மதிப்பு சுமார் 4% சரிந்ததாகக் கண்டார்கள்.

நல்ல மேலாண்மை லாபத்தைக் கூட்டும் என்பதை யாராவது உண்மையிலேயே நிரூபித்திருக்கிறார்களா?

இந்தியாவிலேயே நடந்தது. நிக்கோலஸ் புளூம் குழுவினர் மும்பைக்கு அருகே நெசவு ஆலைகளில் செய்த சோதனை, 2013-இல் வெளியானது. 17 நிறுவனங்கள். சிலவற்றுக்கு ஐந்து மாதம் ஆலோசகர்களை இலவசமாக வைத்து இயந்திரப் பராமரிப்பு, தரக் குறைபாட்டுப் பதிவு, நூல் இருப்புக் கணக்கு உள்ளிட்ட 38 நடைமுறைகளைப் புகுத்தினார்கள். மற்றவற்றுக்கு ஒரு மாத ஆய்வறிக்கை மட்டும். முதல் ஆண்டில் உற்பத்தித் திறன் 17% கூடியது.

17 நிறுவனங்கள் என்ற எண்ணைக் கவனியுங்கள். 384 அல்ல. குலுக்கல் முறையில் பிரித்து, வாராவாரம் உற்பத்தியை அளந்ததால் அந்தச் சிறிய எண் தாங்கியது. ஒன்பது ஆண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, புகுத்திய நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன; அப்படியும் மற்ற ஆலைகளோடு இடைவெளி பெரிதாகவே இருந்தது. கைவிட்டதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு: மேலாளர் மாறிப்போனார், முதலாளிக்கு நேரமில்லை. தலைமைத்துவத்தில் ஆய்வுத் தலைப்பு தேடுபவர்களுக்கு இந்த இரண்டு காரணங்களே போதும்.

நேர்காணல் முறையில் செய்தால் எத்தனை நிறுவனங்கள்?

நிறுவனங்களை ஒவ்வொன்றாக ஆழமாகப் பார்க்கும் ஆய்வு முறை பற்றி ஐசன்ஹார்ட் 1989-இல் சொன்ன 4 முதல் 10 என்பதே இன்றும் வழக்கு. ஒரு மணி நேரப் பதிவைக் கையால் எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும், தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சென்றால் இன்னும் கூடும். குடும்ப நிறுவனங்களில் அப்பாவையும் மகனையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். இரண்டாவது குரல் கிடைக்காது.

கட்டுரை வெளியீடு கட்டாயமா? எந்த இதழை நம்புவது?

2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகளில் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம். பதிவு செய்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். நம்பத்தகுந்த இதழ்களைக் குறித்த யுஜிசி கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. "கேர் பட்டியல் இதழ், ஐந்து நாளில் வெளியீடு" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடலாம். ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸ் தளத்திலேயே தேடுங்கள், இதழின் தளத்தில் உள்ள சின்னத்தை நம்பாதீர்கள். பழைய இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐயும் தள முகவரியையும் சேர்த்துச் சரிபார்க்கவும்.

பிறர் எழுத்தோடு ஆய்வேடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் 10% வரை தண்டனை இல்லை என்பது யுஜிசியின் 2018 விதி. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். சொற்களை மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு எண்ணைக் குறைத்த ஆய்வேடு வாசித்தவுடன் தெரியும்: கலைச்சொற்களும் சேர்ந்து மாறியிருக்கும்.

வாய்மொழித் தேர்வில் எதைக் கேட்பார்கள்?

பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்தைத்தான், அதாவது ஆய்வு முறையியல். ஏன் இந்த நிறுவனங்கள், எத்தனை தாள் கொடுத்து எத்தனை திரும்பியது, எத்தனையை ஏன் நீக்கினீர்கள். கொடுத்தது 450, வந்தது 391, நீக்கியது 27, மிஞ்சியது 364 என்பதுபோல் எண்கள் எல்லா அத்தியாயத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் அட்டவணையில் 364-ம் அடுத்ததில் 371-ம் இருந்தால் மீதி நேரம் முழுவதும் அதிலேயே போகும். மூலத் தாள்களை எடுத்துச் செல்லுங்கள்.